ஸ்ட்ராபெரியில் புது ரகம் எடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் குன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். ஒரு கையில் டிபன் டப்பா நிறையப் பழம், இன்னொரு கையில் மூன்று வருடக் குறிப்பு நோட்டு. "அண்ணா, இது நானே எடுத்த ரகம். விவரம் எழுதிப் பதிவு பண்ணணும், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார். பழம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. மறுநாளே அவர் தோட்டத்துக்குப் போனேன். பத்தடிப் பாத்தி, வரப்பே தெரியாமல் இலை மூடிக் கிடந்தது. "இதில் தாய்ச்செடி எது தம்பி?" என்று கேட்டேன். நடுவில் ஒன்றைக் காட்டினார். கொஞ்சம் யோசித்துப் பக்கத்தில் இன்னொன்றைக் காட்டினார். அப்புறம் பேசாமல் நின்றுவிட்டார்.

பதினோரு வருடத்துக்கு முன் கோத்தகிரியில் என் பாத்தி முன்னால் நானும் அப்படித்தான் நின்றேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர், உரம், பறவைக்கு வலை இதையெல்லாம் இங்கே தொடப்போவதில்லை, ஸ்ட்ராபெரி வளர்த்த யாருக்கும் அது தெரியும். ரகம் எடுக்கிற வேலையில் மட்டும் வரும் தவறுகள் சில இருக்கின்றன. வருடங்களைத் தின்றுவிட்டு அப்புறம்தான் கண்ணில் படும்.

கடைப் பழத்து விதையிலிருந்து ஆரம்பிப்பது

முளைக்கும், காய்க்கவும் செய்யும். ஆனால் அப்பா யார் என்று உங்களுக்குத் தெரியாது. நாம் சாப்பிடும் ஸ்ட்ராபெரிக்கு 56 குரோமோசோம், எட்டு தொகுதி. அதனால் ஒரே பழத்தின் மேல் ஒட்டியிருக்கும் இரண்டு விதைகூட ஒரே மாதிரிச் செடியைத் தராது. கலப்புக்குப் பெற்றோரை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அதை அன்றே எழுதியும் வைக்க வேண்டும். முப்பது நாற்று வளர்த்துவிட்டு "ஒன்றும் தேறவில்லை" என்று சோர்ந்து போகிறார்கள். முப்பதில் தேறாது. நல்ல தாய்க்கும் நல்ல தகப்பனுக்கும் பிறந்த நூற்றுக்கணக்கான நாற்றில் பெரும்பாலானவை இரண்டையும் விட மட்டமாகத்தான் இருக்கும், நாம் தேடுவது அந்த ஒன்றிரண்டை.

பூ விரிந்த பிறகு மகரந்தம் நீக்குவது

தாய்ப் பூவின் சொந்த மகரந்தம் அதிலேயே சேர்ந்துவிடாமல் இருக்க, மொட்டு உப்பி, வெள்ளை இதழ் நுனி தெரியத் தொடங்கும்போதே நீக்கிவிடுங்கள். ஸ்ட்ராபெரியில் ஒரு வசதி உண்டு: மகரந்தத் தாள்கள் இதழோடு சேர்ந்து விளிம்பு வட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கும், அந்த விளிம்பை இடுக்கியால் சுற்றிக் கிள்ளினால் புல்லி, இதழ், தாள் எல்லாம் ஒரு மோதிரம் போலக் கையோடு வந்துவிடும், நடுவில் மஞ்சள் பச்சைக் குமிழ் மட்டும் நிற்கும். அதன் மேல் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து தகப்பன் செடியின் மகரந்தம் தடவி, பட்டர் பேப்பர் உறை போட்டு மூடுங்கள். ஒரே நாளில் தடவி விட்டால் பாதிக் குமிழில்தான் விதை பிடிக்கும், பழம் கோணலாக வரும்.

விதையை மண்ணுக்குள் புதைப்பது

வேண்டாம். வெளிச்சம் பட்டால்தான் ஒழுங்காக முளைக்கும், மேலே தூவி ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்டு ஸ்ட்ராபெரியோடு நேரடியாகக் கலப்பது

நீலகிரியில் இந்த ஆசை வராதவர்களே கிடையாது. நம் மலையின் பெயரையே வைத்துக்கொண்டு ஒரு காட்டினம் இருக்கிறது, ஃபிரகேரியா நீல்கெரென்சிஸ். வெளிறிய பழம், நல்ல வாசம். ஆனால் அதற்கு 14 குரோமோசோம்தான். 56-உடன் நேராகக் கலந்தால் விதை பிடிப்பதே அபூர்வம், பிடித்து வளர்ந்தாலும் செடி மலடாகத்தான் நிற்கும். ஜப்பானில் இதே இனத்தின் பீச் வாசத்தைத் தோட்ட ஸ்ட்ராபெரிக்குள் கொண்டுவந்து 'டோகுன்' என்று ஒரு ரகம் எடுத்தார்கள். அதற்குக் குரோமோசோமை இரட்டிப்பாக்க வேண்டியிருந்தது, அதனால் டோகுனுக்குப் பத்துத் தொகுதி. வீட்டுத் தோட்டத்தில் முடிகிற வேலை இல்லை அது.

எட்டுத் தொகுதி உள்ள காட்டினத்தோடு கலப்பு நன்றாகவே சேரும், ஆனால் காலம் பிடிக்கும். கலிபோர்னியாவில் ராய்ஸ் பிரிங்ஹர்ஸ்ட் 1950களில் யூட்டாவின் வாசாட்ச் மலையிலிருந்து ஒரு காட்டுச் செடியைக் கலப்புக்கு எடுத்தார். பகல் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பூக்கும் குணத்துக்காக. சின்னப் பழம் என்ற காட்டுக் குணத்தைக் கழிக்க மறுபடி மறுபடி தோட்ட ரகத்தோடு கலந்து, முதல் ரகங்கள் வெளியானது 1979-இல்.

இன்னொன்று. பாதையோரம் மஞ்சள் பூவோடு படர்ந்து, ருசியே இல்லாத சிவப்புப் பழம் காய்க்கிறதே, அது ஸ்ட்ராபெரியே இல்லை. அதை வைத்து இரண்டு சீசன் கலப்பு முயன்றவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

ரன்னரை வெட்டாமல் விடுவது

ரன்னர் என்பது ஸ்ட்ராபெரிச் செடி தரையில் ஓடவிடும் கொடி, அதில்தான் புதுக் கன்று பிடிக்கும். இப்போது அந்தத் தம்பியின் பாத்திக்கு வருகிறேன். மற்ற எந்தத் தவறு செய்தாலும் ஒரு சீசனோடு போகும். இது மொத்தத்தையும் கொண்டு போய்விடும். இன்றைக்கும் யாராவது "ரன்னர் நிறைய வந்திருக்கு அண்ணா, கன்று செலவில்லை" என்று சந்தோஷமாகச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

என் கதையைச் சொல்கிறேன். கமரோசா என்ற ரகத்தைத் தாயாகவும் ஸ்வீட் சார்லி என்ற ரகத்தைத் தகப்பனாகவும் வைத்து ஒரு கலப்பு செய்திருந்தேன். முதல் காய்ப்பிலேயே 31-ஆம் எண் நாற்று தனியாகத் தெரிந்தது. மூன்று நாள் மழையில் நனைந்தும் தோல் கசியவில்லை, உள்ளே காம்புவரை சிவப்பு. குச்சி நட்டு அடையாளம் வைத்தேன். அந்த ஜூனில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஊருக்குப் போனவன் நாற்பது நாள் கழித்துத்தான் திரும்பினேன். மழையில் பாத்தி பச்சைக் கம்பளமாக இருந்தது. எனக்கு மகிழ்ச்சி. குச்சியைச் சுற்றி இருந்த கன்றுகளில் அறுபதைப் பிடுங்கிப் புதுப் பாத்தியில் நட்டேன். எல்லாம் 31-இன் கன்று என்று நம்பினேன்.

அப்புறம் இரண்டு வருடம் அந்த அறுபதை அளந்தேன். இலை நீளம், பழ எடை, பிரிக்ஸ் மீட்டரில் சர்க்கரை, பூக்கும் தேதி, எல்லாவற்றுக்கும் சராசரி போட்டு நோட்டு நிறைய எழுதினேன். பதிவுக்கு எழுதும் முன் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற தோட்டக்கலைப் பேராசிரியரைக் கூட்டிவந்து காட்டினேன். பாத்திக்குள் குனிந்து ஐந்து நிமிடம் பூவை மட்டும் பார்த்தார். "இந்தச் செடியில் இதழ் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கு. இதில் இதழுக்கு நடுவே இடைவெளி இருக்கு. இங்கே புல்லி மேலே மடிஞ்சிருக்கு, அங்கே தட்டையா விரிஞ்சிருக்கு. இது ஒரு ரகம் இல்லைங்க, குறைந்தது மூணு" என்றார்.

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ரன்னர் கொடியில் முதல் கணு பெரும்பாலும் சும்மா கிடக்கும், இரண்டாவது கணுவில்தான் கன்று பிடிக்கும். அந்தக் கன்றே அடுத்த ரன்னரை விடும். இப்படிச் சங்கிலியாகப் போய் நாலடி தள்ளி, பக்கத்து நாற்றின் காலடியில் வேர் பிடிக்கும். அங்கிருந்து வந்ததும் இங்கே வேர் பிடிக்கும். கன்று நன்றாக வேரூன்றியதும் கொடி காய்ந்து இற்றுவிடும். அதற்கு மேல் எது எதன் பிள்ளை என்று சொல்ல ஒரு தடயமும் கிடையாது. உடன்பிறப்புச் செடிகள், இலையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி.

இதை விட மோசமான விஷயம் ஒன்று உண்டு. நிறைய ரன்னர் விடுகிற செடி பெரும்பாலும் குறைவாகக் காய்க்கிற செடி, தன் பலத்தைப் பூவுக்குக் கொடுக்காமல் கொடிக்குக் கொடுக்கிறது. நன்றாகக் காய்க்கிற உங்கள் 31 நாலு கன்று விடும்போது பக்கத்திலுள்ள உதவாத 32 இருபது விடும். பாத்தியைச் சும்மா விட்டால் அதுவே தேர்வு செய்துகொள்கிறது, நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதைத் தேர்வு செய்கிறது.

பழம் விழுந்து முளைப்பதும் உண்டு. அழுகிய பழத்து விதை அங்கேயே முளைத்து ரன்னர் கன்று போலவே வளர்ந்து நிற்கும். சின்னதாக இருக்கும்போது பார்த்தால் தெரியும்: விதையில் வந்ததற்கு முதல் இலைகள் மூன்றாகப் பிரியாமல் ஒற்றையாக இருக்கும், கொடியின் தடம் இருக்காது. வளர்ந்துவிட்டால் போச்சு.

நான் இப்போது செய்வது இதுதான். நாற்றுப் பாத்தியில் முதல் காய்ப்பைப் பார்க்கும்வரை எல்லா ரன்னரையும் வாரம் ஒருமுறை வெட்டுகிறேன், ஒன்றைக்கூட விடுவதில்லை. ஊருக்குப் போவதானால் வெட்ட ஆள் வைத்துவிட்டுப் போகிறேன். உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி எடுத்துவிடுகிறேன். ஒரு செடி பிடித்துவிட்டால் அன்றே மண்ணோடு தோண்டிப் பெரிய குரோ பேக்கில் வைத்து மேசை மேல் ஏற்றிவிடுவேன். ரன்னர் கீழே தொங்கும், மண்ணைத் தொடாது. ஒவ்வொரு கன்றையும் சின்னத் தொட்டியில் வைத்துக் கொண்டை ஊசியால் அழுத்திவிட்டு, கொடி இன்னும் தாயோடு ஒட்டியிருக்கும்போதே சீட்டு கட்டுகிறேன். சீட்டு கட்டாமல் கொடியை வெட்டுவது கிடையாது. சீட்டு அலுமினியத் தகடு, எழுத்து பென்சில் அழுத்தம். ஸ்கெட்ச் பேனா நீலகிரி வெயிலில் ஒரு கோடையைத் தாங்காது. முதல் நாலு கன்றில் இரண்டை வேறொருவர் தோட்டத்தில் கொடுத்து வைக்கிறேன். தாய்ச்செடியின் இளம் இலை இரண்டை சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி டப்பாவில் போட்டு எண் எழுதி வைக்கிறேன். பின்னால் டிஎன்ஏ சோதனை செய்யலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். செய்யலாம்தான், ஆனால் ஒப்பிட மூலச் செடியின் இலை வேண்டுமே. என்னிடம் அது இல்லை. 31 திரும்பக் கிடைக்கவே இல்லை.

முதல் பழத்தை மட்டும் வைத்து விவரம் எழுதுவது

ஒரு பூங்கொத்தில் நுனியில் வரும் முதல் பழம்தான் எப்போதும் பெரிது. பல ரகங்களில் அதன் உருவமே வேறாக இருக்கும், ஆப்பு மாதிரி விரிந்து, சில சமயம் இரண்டு பழம் ஒட்டினாற்போல. அதைப் படம் எடுத்து "பெரிய பழம், நல்ல இனிப்பு, கவர்ச்சியான நிறம்" என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். இப்படி எழுதினால் உலகத்தில் உள்ள எல்லா ஸ்ட்ராபெரிக்கும் பொருந்தும். புதுத் தாவர ரகங்களின் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான யூபோவ் ஸ்ட்ராபெரிக்கு வெளியிட்டிருக்கும் வழிகாட்டியில், நுனிப் பழத்துக்கும் மற்றப் பழங்களுக்கும் உருவ வித்தியாசம் எவ்வளவு என்பதே தனிக் குணமாக இருக்கிறது.

பழத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். விதை தோலுக்குள் பதிந்திருக்கிறதா, சமமாக இருக்கிறதா, வெளியே துருத்துகிறதா? புல்லி பழத்தில் உள்வாங்கி இருக்கிறதா, மேலே தூக்கி இருக்கிறதா? இழுத்தால் சுலபமாகக் கழல்கிறதா, சதையோடு பிய்கிறதா? குறுக்கே வெட்டினால் நடுவில் பொந்து இருக்கிறதா? அப்புறம் பூங்கொத்து இலைக்கு மேலே நிற்கிறதா, அடியில் ஒளிகிறதா, ரன்னரில் செம்மை ஓடுகிறதா என்று பாருங்கள். இதுதான் விவரம். நிறத்தைக் காலை வெளிச்சத்தில், நிழலில், வண்ண அட்டையோடு வைத்துப் பாருங்கள். பாலிஹவுஸுக்குள் பார்த்த நிறம் வெளியே வந்தால் வேறு.

எல்லாவற்றையும் விட முக்கியம், உங்கள் ரகத்துக்கு மிக நெருக்கமான ரகத்தைப் பக்கத்துப் பாத்தியில் ஒரே நாளில் நட்டு இரண்டையும் சேர்த்து அளப்பது. விண்டர் டான் மாதிரி இருக்கிறது என்று தோன்றினால் விண்டர் டானையே நடுங்கள். போன வருட நினைவை வைத்து ஒப்பிடாதீர்கள். ஒரு சீசனோடு நிறுத்தவும் வேண்டாம். நம் பக்கம் மழை ஒரு வருடம் போல இன்னொரு வருடம் இருப்பதில்லை, சர்க்கரை அதோடு ஏறி இறங்கும்.

பதிவுக்கு முன்பே விற்பது

நம் நாட்டின் 2001-ஆம் ஆண்டுத் தாவர ரகப் பாதுகாப்புச் சட்டப்படி, புது ரகம் என்று பாதுகாப்பு கேட்டால், விண்ணப்பத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் முன்னால் அதை இங்கே விற்றிருக்கக்கூடாது. நண்பருக்கு நூறு கன்று விலைக்குக் கொடுத்ததும் விற்பனைதான்.

பெயராக வெறும் எண்ணை வைப்பது

அதே சட்டம் அனுமதிக்காது.

குன்னூர்த் தம்பிக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. முதல் வருடம், ரன்னர் பரவுவதற்கு முன், அந்த ஒரு செடியைப் போனில் நிறையப் படம் எடுத்து வைத்திருந்தார். பூ, புல்லி, இலையின் அடிப்பக்கம் எல்லாம் தெளிவாக இருந்தன. பாத்தி முழுக்கப் படத்தோடு ஒப்பிட்டு ஒத்துப்போகிற ஏழு செடிகளுக்குச் சிவப்பு நூல் கட்டினோம். ஏழும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லி, தனித்தனி எண் கொடுத்து, ஏழையும் தனித்தனிப் பையில் மேசை மேல் ஏற்றியிருக்கிறோம். பழைய மூன்று வருட நோட்டை ஓரமாக வைத்துவிட்டார். அடுத்த பூவுக்காகக் காத்திருக்கிறார், நானும்தான்.