ரெண்டு கலரைக் கலந்தா நடுவுல ஏன் சகதி ஆகுது?

அல்சூர் ரூம்ல உக்காந்து சும்மா ஒரு கோலம் போடுற ஆப் எழுதிட்டு இருந்தேன், சிவப்புல ஆரம்பிச்சு பச்சைல முடியிற கிரேடியன்ட் ஒண்ணு வச்சா நடுவுல மங்கிப்போய் கிடக்கு. ரூம்மேட் எட்டிப் பாத்துட்டு "என்னடா, கார சட்னியும் புதினா சட்னியும் ஒரே கிண்ணத்துல கொட்டிட்டியா"ங்குறான். ரெண்டு நாள் ஷேடர்ல (ஒவ்வொரு பிக்சலுக்கும் கலர் போடுற குட்டி புரோகிராம்) தப்பு தேடினேன், தப்பு நம்பர்ல இருந்துச்சு.

படத்தோட ஃபைல்ல ஒவ்வொரு கலருக்கும் இருக்குற 0லேர்ந்து 255 வரைக்குமான நம்பர் வெளிச்சத்தோட அளவு கிடையாதுங்க. 1996ல ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் கொண்டுவந்து 1999ல ஐஇசிங்கிற சர்வதேச அமைப்போட ஸ்டாண்டர்டா ஆன எஸ்ஆர்ஜிபிங்கிற கலர் முறை, பழைய சிஆர்டி (பிக்சர் டியூப்) மானிட்டர் நடந்துக்கிற விதத்தை ஒட்டி வளைச்சு வச்ச கணக்கு, அதுல இருட்டுப் பக்கத்துக்குத்தான் நம்பர் ஜாஸ்தி, நம்ம கண்ணுக்கும் அதுதான் தோது. அதனால 128ங்கிறது பாதி வெளிச்சம் இல்ல, சுமார் 21.6 சதவீதம்தான். பாதி வேணும்னா 188.

சோ கலக்குறது, பிளர், ரீசைஸ், லைட்டிங் எதுவா இருந்தாலும் மொதல்ல லீனியருக்கு, அதாவது வெளிச்சத்தோட நிஜ அளவுக்கு மாத்தணும். 255ஆல வகுங்க (256 போட்டீங்கன்னா வெள்ளை 1.0க்கு வரவே வராது, 0.996லயே நின்னுடும்). வர்றது 0.04045 இல்ல அதுக்குக் கீழன்னா 12.92ஆல வகுத்தா போதும், மேலன்னா 0.055 கூட்டி 1.055ஆல வகுத்து 2.4 பவர். நிறைய பேர் மொத்தத்துக்கும் 2.2 பவர் போட்டு முடிச்சிடுவாங்க, அவசரத்துக்கு ஓகே, ஆனா போறப்ப 2.2 வர்றப்ப நிஜ ஃபார்முலான்னு கலந்தடிச்சா இருட்டான கலரெல்லாம் நகந்துடும்.

கணக்கு முடிஞ்சு திரும்பி வர்றப்ப 0.0031308 வரைக்கும் 12.92ஆல பெருக்கணும், அதுக்கு மேல 1/2.4 பவர், 1.055ஆல பெருக்கி 0.055 கழிக்கணும். அப்புறம் 0க்கும் 1க்கும் வெளிய போகாம கிளாம்ப் பண்ணி, 255ஆல பெருக்கி, 0.5 கூட்டி இன்ட்டா (முழு எண்ணா) மாத்துங்க. அந்த 0.5ஐ விட்டா தசமம் அப்படியே வெட்டுப்பட்டு கலர் கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கும். என் கிரேடியன்ட் நடுவுல 128,128,0ன்னு இருந்தது இப்படிப் பண்ணதும் 188,188,0 ஆச்சு, பளிச்சுன்னு மஞ்சள்.

ஆல்ஃபாவை (எவ்வளவு ஒளி ஊடுருவும்னு சொல்ற நம்பர்) தொடாதீங்க, அது எப்பவுமே லீனியர்தான். நார்மல் மேப்பும் (பரப்பு எந்தப் பக்கம் பாக்குதுன்னு சொல்ற படம்) அப்படித்தான், அது கலரே இல்ல. கிரேஸ்கேலுக்கு சிவப்பு, பச்சை, நீலத்தை 0.2126, 0.7152, 0.0722ன்னு பெருக்கிக் கூட்டுறது லீனியர் மதிப்பு மேல போடணும். டெக்ஸ்சரை (மேல ஒட்டுற படம்) எஸ்ஆர்ஜிபி ஃபார்மட்ல லோட் பண்ணீங்கன்னா ஜிபியுவே மாத்திக் குடுத்துடும், ஷேடர்லயும் நீங்க மாத்துனா டபுள் ஆகி படமே இருண்டு போயிடும், இதுல நான் மாட்டாத நாளே இல்ல. நடுவுல லீனியரை 8 பிட்ல சேவ் பண்ணாதீங்க, இருட்டுல பட்டை பட்டையா தெரியும், 16 பிட் ஃப்ளோட் வச்சுக்கோங்க.

சரியா வந்துச்சான்னு பாக்க கறுப்பும் வெள்ளையும் ஒவ்வொரு பிக்சலா மாத்தி மாத்தி ஒரு கட்டம், பக்கத்துல வெறும் 188 சாம்பல், அதுக்குப் பக்கத்துல 128. ஜூம் 100ல வச்சு நாலடி தள்ளி நின்னு கண்ணைச் சுருக்கிப் பாருங்க, மானிட்டர் ஒழுங்கா இருந்தா கட்டம் 188 கூடதான் ஒட்டும். ரூம்மேட்டைக் கூப்டு காட்டுனேன், கண்ணாடியைக் கழட்டிட்டு "ரெண்டும் ஒண்ணுதானேடா"ன்னான்.