பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது எப்படி?

லேப்டாப் ஆன் ஆகப் பல நிமிடம் பிடிக்கிறது, எதைத் தொட்டாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் உடனே ப்ராசஸர் மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் காரணம், நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க்தான். விண்டோஸ் சின்னச் சின்ன ஃபைல்களை ஆயிரக்கணக்கில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் டிஸ்க்கின் ஹெட், அதாவது தரவைப் படிக்கும் முனை, இடம் மாறியாக வேண்டும். அதற்கே 10 முதல் 15 மில்லிசெகண்ட் போய்விடும். எஸ்எஸ்டி என்பது சிப்களில் தரவைச் சேமிக்கும் டிரைவ், அதில் நகரும் பாகமே கிடையாது.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க்கைப் பாருங்கள். 100% காட்டும்போதே படிக்கும் வேகம் நொடிக்கு ஒன்றிரண்டு எம்பிதான் என்றால் சந்தேகமே வேண்டாம். கூடவே மெமரியும் 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேமும் போதவில்லை என்று அர்த்தம். 4 ஜிபி ரேம் உள்ள மெஷினில் எஸ்எஸ்டி மட்டும் போட்டால் பாதிப் பலன்தான். முடிந்தால் ரேமையும் 8 ஜிபி ஆக்கிவிடுங்கள்.

அடுத்து, பழைய டிஸ்க்கின் உடல்நிலை. இதைத் தாண்டிப் போவதுதான் பலரும் செய்யும் தவறு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில், டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களைக் காட்டும் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளையும் பாருங்கள். கடைசி நெடுவரிசையில் எல்லாம் சுழியமாக இருந்தால் நிம்மதி. சி5-இல் எண் ஏறியிருந்தால், டிஸ்க்கில் படிக்க முடியாத இடங்கள் உருவாகிவிட்டன. அந்த நிலையில் எர்ரர் செக்கிங், டீஃப்ராக் எதையும் ஓட்டாதீர்கள். டிஸ்க்குக்கு அது கூடுதல் சுமை. போட்டோ, ஆவணங்கள் போன்ற முக்கியமானவற்றை முதலில் வெளியே காப்பி செய்யுங்கள். சி7 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கை விட கேபிளையோ கனெக்டரையோதான் சந்தேகிக்க வேண்டும்.

வாங்கும்போது: ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்களில் பொதுவாக சாட்டா என்ற கனெக்டர் வகையிலான 2.5 இஞ்ச் எஸ்எஸ்டி பொருந்தும். அதன் தடிமன் 7 மிமீ. பழைய டிஸ்க் 9.5 மிமீ என்றால் 2.5 மிமீ இடைவெளி விழும். சில எஸ்எஸ்டிகளுடன் வரும் பிளாஸ்டிக் ஸ்பேஸரை ஒட்டினால் ஆடாது. டிஸ்க்கை குளோன் செய்யப்போகிறீர்கள், அதாவது அப்படியே நகல் எடுக்கப்போகிறீர்கள் என்றால் அளவில் கவனம் வேண்டும். 500 ஜிபி டிஸ்க்குக்குப் பதில் 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிவிட்டால், குளோன்ஸில்லா என்ற குளோன் மென்பொருள் வழக்கமான அமைப்பில் ஏற்காது. இலக்கு டிஸ்க் மூலத்துக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். கூடவே சாட்டாவை யுஎஸ்பியாக மாற்றும் அடாப்டர் ஒன்றும் தேவை.

குளோனா, புதிதாக இன்ஸ்டாலா? டிஸ்க் ஆரோக்கியமாக இருந்து, மறுபடி இன்ஸ்டால் செய்ய முடியாத மென்பொருள் ஏதாவது இருந்தால் மட்டும் குளோன் செய்யுங்கள். மற்றபடி புதிதாக இன்ஸ்டால் செய்வதே மேல். பழைய குப்பையும் சேர்ந்து குடிவராது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை, இன்டெல் ப்ராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அதற்கு எட்டாத மெஷினில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம் தாராளமாக ஓடும்.

குளோன் செய்வதற்கு முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் என்க்ரிப்ஷன் வசதியான பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 48 இலக்க ரெகவரி கீயை வேறிடத்தில் எழுதி வைத்துக்கொண்டு, என்க்ரிப்ஷனை ஆஃப் செய்யுங்கள். குளோன் செய்யும்போது எது மூலம், எது இலக்கு என்பதை டிஸ்க்கின் மாடல் பெயரை வைத்துத் தேர்ந்தெடுங்கள். இடம் மாறினால் காலி டிஸ்க் உங்கள் தரவின் மேல் எழுதிவிடும். யுஎஸ்பி 2.0 போர்ட்டில் நொடிக்குச் சுமார் 30 எம்பிதான் போகும், அதனால் 200 ஜிபிக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம். சார்ஜரைச் செருகி, ஸ்லீப்பை ஆஃப் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

இனி கழற்றும் வேலை. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அப்போதுதான் முழுமையாக அணையும். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியை எடுங்கள். பேட்டரி உள்ளே இருக்கும் மாடல் என்றால், மூடியைத் திறந்ததும் முதல் வேலை அதன் கனெக்டரைக் கழற்றுவதுதான். பிறகு பவர் பட்டனை 10 நொடி அழுத்திப் பிடியுங்கள்.

ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். குட்டை ஸ்க்ரூ இருந்த ஓட்டையில் நீளமானதை முறுக்கினால் மேல்பக்கம் புடைத்துக்கொள்ளும், சில சமயம் போர்டே விரிசல் விடும். எல்லாம் கழற்றியும் மூடி அசையவில்லை என்றால் ரப்பர் கால்களுக்கு அடியில் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். பழைய பிளாஸ்டிக் கார்டால் ஓரமாக நெம்புங்கள், கத்தி வேண்டாம்.

டிஸ்க்கைத் தூக்கி இழுக்காமல், கனெக்டரிலிருந்து பின்னோக்கி நகர்த்துங்கள். அதைச் சுற்றியுள்ள இரும்புச் சட்டத்தைக் கழற்றி எஸ்எஸ்டிக்கு மாட்டி, அதே திசையில் செருகுங்கள். பட்டைக் கேபிள் இருந்தால் மடிப்பு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை பூட் செய்யும்போது பழைய டிஸ்க் யுஎஸ்பியில் இணைந்திருக்கவே கூடாது. குளோன் செய்த இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பி, ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும். பூட் டிவைஸ் இல்லை என்று வந்தால் பயாஸுக்குள் (லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை செட்டிங் திரை) போய் பூட் வரிசையைப் பாருங்கள். யுஇஎஃப்ஐ, லெகஸி என்ற இரண்டு பூட் முறைகளில் பழைய டிஸ்க் எதில் ஓடியதோ குளோனுக்கும் அதுவே வேண்டும். அதேபோல் சாட்டா மோடையும் பழையபடி விடுங்கள். ஐடிஇ, ஏஎச்சிஐ என்ற இந்த மோடுகள் மாறினால் நீலத்திரைதான். கடிகாரம் அடிக்கடி பின்னோக்கிப் போகிற லேப்டாப்பில் இந்தச் செட்டிங்குகள் தானாகவே மாறியிருக்கக்கூடும். போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் சிஆர்2032 வகை, மாற்றிவிடுங்கள்.

ஓடத் தொடங்கியதும் விண்டோஸின் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் திரையில் மீடியா டைப் சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று வருகிறதா பாருங்கள். வாராந்திர ஷெட்யூலை நிறுத்தாதீர்கள், ட்ரிம் செய்வது, அதாவது அழித்த ஃபைல்கள் இருந்த இடம் எது என்று எஸ்எஸ்டிக்குத் தெரிவிப்பது அதுதான்.

பழைய டிஸ்க்கை உடனே அழிக்க வேண்டாம். எல்லாம் சரியாக வந்துவிட்டதா என்று சில வாரம் பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் அந்த மூன்று வரிகளும் சுழியமாக இருந்த டிஸ்க் என்றால் யுஎஸ்பி பெட்டியில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். வேறு யாருக்காவது கொடுப்பதானால் குவிக் ஃபார்மட் போதாது, அதில் ஃபைல்கள் மீட்கக்கூடிய நிலையிலேயே இருக்கும். குவிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். சில மணி நேரம் ஆனாலும் முழுவதும் சுழியத்தால் நிரம்பிவிடும்.