ஆபீஸ் கணினிகளுக்கு வால்யூம் ஆக்டிவேஷன்: டர்பனில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு செய்முறை

பைன்டவுன், ஜேக்கப்ஸ், ப்ராஸ்பெக்டன் பக்கமுள்ள கம்பெனிகளில் ஐ.டி. வேலைக்குப் புதிதாகச் சேரும் நம் பிள்ளைகள் கையில் முதலில் வந்து விழும் புகார்களில் ஒன்று இது: திரையின் வலது கீழ் மூலையில் 'விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்' என்று மங்கலாக ஓர் எழுத்து. உடனே கீ (விண்டோஸின் லைசென்ஸ் எண்) தப்பு என்று நினைத்துப் புதுக் கீ தேடக் கிளம்பிவிடுகிறார்கள். பல கணினிகளுக்கு மொத்தமாக வாங்கிய லைசென்ஸில் விண்டோஸை ஆக்டிவேட் செய்வதுதான் வால்யூம் ஆக்டிவேஷன். அப்படிப்பட்ட கம்பெனி நெட்வொர்க்கில் பெரும்பாலும் கீயில் கோளாறு இருக்காது. ஆக்டிவேஷன் கொடுக்கும் சர்வரின் பெயர் கிடைக்காமல் இருக்கும், கடிகாரம் தவறாக இருக்கும், இல்லையென்றால் அதனிடம் கேட்கும் கணினிகளின் எண்ணிக்கை போதாமல் இருக்கும். இந்த மூன்றையும் பார்க்கத் தெரிந்தால் வேலை பாதி முடிந்தது.

கட்டளைகளின் ஆங்கில எழுத்துகளை ஒலிப்பிலேயே தருகிறேன். அடிக்கும்போது சின்ன எழுத்தில் அடியுங்கள்.

முதல் படி: எண்ணுங்கள்

எதையும் நிறுவுவதற்கு முன் ஒரு எக்செல் தாளைத் திறந்து எழுதுங்கள்: எத்தனை கணினி, எந்த எடிஷன், டொமைனில் (கம்பெனி சர்வர் ஒன்றாக நிர்வகிக்கும் கணினிக் குழுவில்) இருக்கிறதா, ஆபீஸுக்குள்ளேயே இருக்குமா அல்லது வெளியே சுற்றுமா. ஹோம் எடிஷனுக்குக் கீழே வரும் வழி எதுவுமே வேலை செய்யாது. புரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் என்று இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விண்டோஸ் டெஸ்க்டாப்புக்கான வால்யூம் லைசென்ஸ் என்பது மேம்படுத்தும் உரிமை மட்டுமே. அடியில் ஏற்கனவே தகுதியான ஒரு விண்டோஸ் லைசென்ஸ் இருந்தாக வேண்டும். புதுப்பித்து விற்கும் பழைய கணினிகளை மொத்தமாக வாங்கும் கம்பெனிகள் இதைத்தான் அதிகம் கோட்டை விடுகின்றன. ஆக்டிவேஷன் ஆகிவிட்டதாலேயே லைசென்ஸ் சரியாக இருக்கிறது என்று பொருள் இல்லை. முதலாளிக்கு இதை முதல் நாளே எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: வழியைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வழிகள் உண்டு.

கே.எம்.எஸ். என்றால் கம்பெனிக்குள்ளேயே ஒரு சர்வர். மற்ற கணினிகள் மைக்ரோசாஃப்டிடம் போகாமல் இதனிடம் வந்து ஆக்டிவேஷன் வாங்கிக்கொள்ளும். குறைந்தது 25 விண்டோஸ் டெஸ்க்டாப் கணினிகள் கேட்டால்தான் அது கொடுக்கத் தொடங்கும். விண்டோஸ் சர்வருக்கும் ஆபீஸ் மென்பொருளுக்கும் 5 போதும்.

ஆக்டிவ் டைரக்டரி (டொமைனின் ஆட்கள், கணினிகள் பட்டியல்) வழியான ஆக்டிவேஷனுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. கணினி டொமைனில் இருந்தால் போதும், விண்டோஸ் 8, சர்வர் 2012 முதல் எல்லாவற்றுக்கும் ஆகும். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஆபீஸில் டொமைன் இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

எம்.ஏ.கே. என்பது ஒரே கீ, குறிப்பிட்ட தடவைகள். ஒவ்வொரு கணினியும் இணையத்திலோ போனிலோ மைக்ரோசாஃப்டிடம் ஒருமுறை ஆக்டிவேட் ஆகும், மறுபடி கேட்காது. மாதக்கணக்கில் வெளியூரிலேயே இருக்கும் லேப்டாப்புக்கு இதுதான் பொருத்தம். ஆனால் டிஸ்க்கை அழித்து மறுபடி நிறுவும்போது கணக்கில் இன்னொன்று கழியக்கூடும். அதனால் எந்தக் கணினிக்கு, எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று குறித்து வையுங்கள்.

மூன்றாம் படி: சர்வரைத் தயார் செய்யுங்கள்

விண்டோஸ் சர்வரில் சர்வர் மேனேஜரைத் திறந்து 'வால்யூம் ஆக்டிவேஷன் சர்வீசஸ்' என்ற ரோலைச் சேருங்கள். அப்புறம் அதன் கருவியைத் திறந்தால் கே.எம்.எஸ்.ஸா, ஆக்டிவ் டைரக்டரியா என்று கேட்கும். இரண்டுக்கும் ஒரே கே.எம்.எஸ். ஹோஸ்ட் கீதான். அந்தக் கீயைக் கொடுத்து, இணையம் வழியாக ஆக்டிவேட் செய்யுங்கள். கே.எம்.எஸ். என்றால் ஃபயர்வாலில் டி.சி.பி. 1688 போர்ட்டைத் திறந்து விடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஹோஸ்ட் கீ சர்வருக்கு மட்டும். யாராவது அதை ஒரு மேஜைக் கணினியில் போட்டு ஆக்டிவேட் செய்துவிட்டால் அந்தக் கணினியே ஒரு கே.எம்.எஸ். ஹோஸ்டாக மாறி, டி.என்.எஸ்.ஸில் (நெட்வொர்க்கின் பெயர்ப் பதிவேட்டில்) தன் பெயரையும் பதிந்துகொள்ளும். மற்ற கணினிகளில் சில அதனிடம் போய்க் கேட்கும், அங்கே 25 சேராது, ஆக்டிவேஷன் கிடைக்காது. அந்த ஹோஸ்ட் கீயை 6 கணினிகளில்தான் போடலாம் என்பதால் ஓர் இடமும் வீணாகும்.

நான்காம் படி: கணினிகளைக் கேட்க வையுங்கள்

வால்யூம் ஐ.எஸ்.ஓ.வில் (வால்யூம் லைசென்ஸுக்கான நிறுவல் கோப்பில்) நிறுவியிருந்தால் கணினியில் எதுவும் போட வேண்டாம். பொதுவான கிளையண்ட் கீ (சர்வரிடம் கேட்கும் கணினிக்கான கீ) உள்ளேயே இருக்கும். வேறு ஐ.எஸ்.ஓ.வில் நிறுவியிருந்தால் மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் எல்லோருக்கும் வெளியிட்டிருக்கும் கிளையண்ட் கீயை எடுத்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் இப்படிக் கொடுங்கள்:

எஸ்எல்எம்ஜிஆர் /ஐபிகே கிளையண்ட்-கீ
எஸ்எல்எம்ஜிஆர் /ஏடிஓ

டொமைனில் இல்லாத கணினிக்குச் சர்வர் எது என்று நீங்களே சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு /ஏடிஓ-வுக்கு முன் இதை அடியுங்கள்:

எஸ்எல்எம்ஜிஆர் /எஸ்கேஎம்எஸ் சர்வர்பெயர்:1688

வால்யூம் முறையில் வாங்கிய ஆபீஸ் மென்பொருளும் இதே சர்வரிடம் கேட்கும். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா வேறு. அங்கே ஆளின் கணக்கில் உள்நுழைந்தால் சரி.

ஆகவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

பிழை எண் சி004எஃப்074 என்று முடிந்தால் கணினியால் சர்வரோடு பேச முடியவில்லை. முதலில் பெயர்:

என்எஸ்லுக்கப் -டைப்=எஸ்ஆர்வி _விஎல்எம்சிஎஸ்._டிசிபி.டொமைன்பெயர்

உங்கள் சர்வரின் பெயரும் 1688-ம் வர வேண்டும். இரண்டு பெயர் வந்தால், மேலே சொன்னபடி யாரோ ஹோஸ்ட் கீயை இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணினியில் கிளையண்ட் கீயைப் போட்டு, டி.என்.எஸ்.ஸில் அதன் பதிவைக் கையால் நீக்குங்கள். பெயர் சரியாக இருந்தால் பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்ஷன் சர்வர்பெயர் -போர்ட் 1688' அடியுங்கள். கடைசி வரியில் 'ட்ரூ' வந்தால் வழி திறந்திருக்கிறது.

அப்புறம் கடிகாரம். சர்வருக்கும் கணினிக்கும் 4 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஆக்டிவேஷன் நடக்காது. ஒப்பிடுவது உலகப் பொது நேரத்தை, திரையில் தெரியும் நேரத்தை அல்ல. அமெரிக்க ஆங்கில ஐ.எஸ்.ஓ.வில் நிறுவினால் நேர மண்டலம் பசிபிக் என்று நிற்கும். அதை மாற்றாமல் கடிகார முள்ளை மட்டும் டர்பன் நேரத்துக்குத் திருப்பினால், பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், உள்ளே ஒன்பது பத்து மணி நேரம் பிசகியிருக்கும். மண்டலத்தை முதலில் பிரிட்டோரியா நேரத்துக்கு மாற்றுங்கள், பிறகு நேரத்தைச் சரிபாருங்கள். லோட் ஷெட்டிங்கில் அடிக்கடி அணைந்த பழைய கணினியில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னே போய் நிற்கும். புது பேட்டரிதான் மருந்து.

சி004எஃப்038 என்றால் எண்ணிக்கை போதவில்லை. சர்வரில் எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்வி அடியுங்கள். பெரிய பெட்டி ஒன்று வரும், அதில் 'கரண்ட் கவுண்ட்' என்ற வரியைப் பாருங்கள். முப்பது கணினி வைத்திருந்தும் அங்கே 1 அல்லது 2 என்று நின்றால், ஒரு கணினியின் நகலை சிஸ்பிரெப் ஜெனரலைஸ் (அந்தக் கணினிக்கே உரிய அடையாளங்களை நீக்கும் வேலை) செய்யாமல் மற்றவற்றில் ஏற்றியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கிளையண்ட் அடையாள எண் இருப்பதால் சர்வர் அத்தனையையும் ஒன்றாகவே எண்ணுகிறது. ஒவ்வொன்றிலும் எஸ்எல்எம்ஜிஆர் /ரீஆர்ம் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி /ஏடிஓ. இதைச் செய்து முடிக்க ஒரு மதியம் ஆகும், ஆனால் எண் ஏறுவதைப் பார்க்கலாம்.

கணினியில் /டிஎல்வி அடித்தால் எந்த கே.எம்.எஸ். சர்வரிடம் வாங்கியது என்ற பெயரும் வரும். அது உங்கள் சர்வர் இல்லையென்றால் அங்கேயே நிறுத்தி விசாரியுங்கள். இலவசமாக ஆக்டிவேட் செய்கிறோம் என்று இணையத்தில் கிடைக்கும் கருவிகளை யாரோ ஓட்டியிருக்கலாம். அவை ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். கடவுச்சொல் திருடும் நிரல்கள் இப்படிப் பரவியதும் உண்டு. வாடிக்கையாளர் விவரம் கசிந்தால் தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி கம்பெனி தகவல் ஒழுங்குமுறையாளரிடமும் பாதிக்கப்பட்டவர்களிடமும் அறிவிக்க வேண்டும். அந்தக் கணினியைச் சுத்தமாக அழித்து மறுபடி நிறுவுங்கள்.

மின்வெட்டும் டிசம்பர் விடுமுறையும்

சர்வர் அறையில் கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடுமோ என்று கேட்பவர்கள் உண்டு. நிற்காது. ஒருமுறை வாங்கிய கே.எம்.எஸ். ஆக்டிவேஷன் 180 நாள் செல்லும். கணினி 7 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க முயலும், அது தவறினாலும் மிச்ச நாள் இருக்கிறது. மீதியைப் பார்க்க எஸ்எல்எம்ஜிஆர் /எக்ஸ்பிஆர்.

கவனம் வேண்டியது டிசம்பர் மூடல்தான். சர்வர் ஒரு கணினியை 30 நாள் வரைதான் கணக்கில் வைத்திருக்கும். ஃபேக்டரி மூன்று வாரம் மூடி, கணினிகள் அதற்குச் சில நாள் முன்பே கடைசியாகப் புதுப்பித்திருந்தால், 26, 27 கணினி உள்ள கம்பெனியில் ஜனவரி முதல் வாரம் எண்ணிக்கை 25-க்குக் கீழே போய்விடலாம். பழைய கணினிகள் தம் 180 நாளில் ஓடும், அன்று புதிதாக நிறுவிய லேப்டாப்புக்குத்தான் சி004எஃப்038 வரும். கீயை மாற்றாதீர்கள். எல்லோரும் வந்து கணினியைப் போடட்டும், ஒவ்வொன்றும் கேட்கக் கேட்க எண் ஏறும், அப்புறம் அந்த லேப்டாப்பில் /ஏடிஓ கொடுங்கள்.