ஸ்லைடிங் ஹெட்ல டைட்டானியம் எலும்பு ஸ்க்ரூ: கைடு புஷ் செட்டிங்ல நான் பட்ட பாடும், பண்ற முறையும்

ஓசூர் சிட்கோல எங்க ஷெட்டு. பல வருஷமா வண்டிக்கு பின்னு, புஷ்ஷுன்னு போட்டுட்டு இருந்தோம், அப்புறம் எலும்பு முறிவுக்கு பிளேட்டோட சேர்த்து முடுக்குற ஸ்க்ரூ ஆர்டர் வந்துச்சு. இதை ஸ்லைடிங் ஹெட் லேத்துல போடுறோம்: ராடைப் புடிச்ச ஹெட்டே முன்ன பின்ன நகரும், வெட்டுற இடத்துக்குப் பக்கத்துலயே கைடு புஷ்ங்கற வளையம் ராடைத் தாங்கும். புரோகிராம் எழுதுறது, டூல் ஆஃப்செட் எடுக்குறது எல்லாம் உங்களுக்குத் தெரியும்னு வெச்சுக்கிறேன், அதைப் பத்தி இங்க எழுதல. வண்டி பார்ட்ஸ்ல இருந்து இதுக்கு வர்றவங்க எங்க தடுக்கி விழுவாங்களோ அதை மட்டும் சொல்றேன்.

பீஸ் என்னன்னா எச்.ஏ 3.5 கார்டெக்ஸ் ஸ்க்ரூ, அதாவது எலும்போட கெட்டியான வெளிப்பகுதியில முடுக்குறது. ஐஎஸ்ஓ 5835 ஸ்டாண்டர்டுல வர்றது. வெளி டயா 3.5 மில்லி, கோர் (திரெட்டுக்கு அடியில இருக்குற தண்டு) 2.4, பிட்ச் (ஒரு திரெட்டுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி) 1.25, தலை 6 மில்லி, தலைக்குள்ள 2.5 மில்லி அறுகோணக் குழி. நாங்க போட்டது 40 மில்லி நீளம். மெட்டீரியல் டைட்டானியம் 6 அலுமினியம் 4 வனேடியம், இம்பிளான்ட் கிரேடு.

ராடு வாங்குறது

தலை 6 மில்லிங்கறதால 6.35 ராடு எடுத்தோம். மெட்டீரியல் சர்டிபிகேட்ல ஹீட் நம்பர் (எந்த உருக்குல வந்த ராடுன்னு காட்டுறது) இருக்கணும், அதே நம்பர் ராடு மேலயும் இருக்கணும், ரெண்டும் ஒத்துப்போகலன்னா இறக்கவே இறக்காதீங்க. ராடை வெட்டும்போது நம்பர் போட்ட முனையைக் கடைசி வரைக்கும் விட்டு வைங்க, அது போச்சுன்னா மிச்சத் துண்டு எந்த ஹீட்டுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

முக்கியமா, கிரைண்டிங் பண்ண ராடா, அதுவும் எச்6 டாலரன்ஸான்னு கேட்டு வாங்குங்க. டாலரன்ஸ்னா டயா எவ்வளவு மாறலாம்ங்கறது: இந்த சைஸுக்கு எச்6னா 9 மைக்ரான், எச்9னா 36 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லி). விலை வித்தியாசத்தைப் பார்த்து நான் மொதல்ல எச்9 வாங்கிட்டேன். அந்தக் கதை கீழ வருது.

திரெட்டை ஏன் ஒரே பாஸ்ல போடணும்

சாதா சிஎன்சி லேத்துல பழகினவங்களுக்கு முழுசா 3.5க்கு டர்ன் பண்ணிட்டு அப்புறம் பத்துப் பதினஞ்சு பாஸ்ல திரெட் எடுக்கலாம்னுதான் தோணும். ஆனா 3.5 டயாவுக்கு 40 மில்லி நீளம்னா பதினோரு மடங்குக்கு மேல, டூல் தொட்டாலே வளையும். அதுவும் டைட்டானியம் இரும்பை விடப் பாதி விறைப்புதான், டூல் அழுத்துறப்போ விலகி, போனதும் திரும்பி வந்துடும். ஸ்லைடிங் ஹெட்லயும் இதே வேலையைப் பண்ணா, டர்ன் பண்ண பாகம் பின்னாடி போகும்போது 6.35 புஷ்ஷுக்குள்ள 3.5 தண்டு நிக்கும், புடிமானமே கிடையாது.

அதனாலதான் வேர்லிங். ஒரு வளையத்துக்குள்ள இன்சர்ட்டுங்க உள்பக்கமா பார்த்து இருக்கும், வளையம் வேகமா சுத்தும், ராடு மெதுவா ஒரு சுத்துக்கு 1.25 மில்லி முன்னாடி வரும், முழு ராடுல இருந்து நேரா திரெட்டா வெளிய வந்துடும். வெட்டுற இடம் புஷ் வாய்க்குப் பக்கத்துலயே இருக்கறதால வளையாது.

வளையத்தைத் திரெட் கோணத்துக்கு சாய்க்கணும். கணக்கு சிம்பிள்: நடு டயா 2.95, அதை பையால பெருக்கினா 9.27, பிட்ச் 1.25ஐ அதால வகுத்தா 0.135, அது 7.7 டிகிரி. சாய்வு தப்பா இருந்தா இன்சர்ட் பக்கவாட்டுல உரசி திரெட் வடிவமே மாறிடும். முதல் பீஸை புரொபைல் புரொஜெக்டர்ல (நிழலைப் பெருசாக்கிக் காட்டுற கருவி) போட்டுப் பாக்காம அடுத்ததுக்குப் போகாதீங்க.

கைடு புஷ், இங்கதான் மூணு நாள் போச்சு

மேல சொன்ன எச்9 ராடுங்களை ஏத்தினேன். ஒரு ராடுல பீஸ் அருமையா வந்துச்சு. அடுத்த ராடு ஏத்தினா கோர் 2.40க்கு பதில் 2.43, திரெட் பக்கத்துல அலை அலையா கோடு. இன்சர்ட் மாத்தினேன், ஸ்பீடு கொறச்சேன், ஆஃப்செட் கொடுத்தேன், ஆஃப்செட் கொடுத்தா அதுக்கடுத்த ராடுல கோர் சின்னதாப் போச்சு, கோர் சின்னதானா ஸ்க்ரூவோட பலமே போயிடும், ஒருத்தர் காலுக்குள்ள இருக்கப்போற சாமான் அது. மூணாவது நாள் சாயந்தரம் எங்க மிஷின் பாக்குற பாலக்கோட்டு தம்பிதான் "அண்ணா, ராடையே ஒருக்கா அளந்து பாக்கலாமா"ன்னான். மைக்ரோமீட்டர் வெச்சோம், ரெண்டு ராடுக்கு நடுவுல 25 மைக்ரான் வித்தியாசம். தடிச்ச ராடுக்கு வெச்ச புஷ்ல மெலிஞ்ச ராடு ஆடிட்டே ஓடியிருக்கு.

இப்ப நான் பண்றது இதுதான். மிஷினை அரை மணி நேரம் சும்மா ஓட விட்டு சூடாக்கிடுவேன். அப்புறம் ஸ்பிண்டிலை நிறுத்தி, காலெட்டை (பின்னாடி ராடை இறுக்கிப் புடிக்கிறது) திறந்து விட்டு, ராடுல எண்ணெய் தடவி, புஷ்ஷைக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குவேன். கையால தள்ளினா லேசா இழுவையோட ஒரே சீரா நகரணும், எங்கயும் நிக்கக்கூடாது. அப்புறம் புஷ் வாய்க்கிட்ட டயல் வெச்சு ராடை விரலால பக்கவாட்டுல தள்ளிப் பாப்பேன், முள்ளு 5 மைக்ரானுக்கு மேல அசைஞ்சா இன்னும் ஒரு துளி இறுக்கம். ஒவ்வொரு ராடையும் மூணு இடத்துல அளந்து சாக்பீஸ்ல எழுதிட்டுத்தான் லோடர்ல போடுவோம்.

புஷ் வாங்கும்போது கார்பைடு லைனிங் வேணாம்னுதான் சொல்வேன், எங்களுக்கு அதுல டைட்டானியம் ஒட்டி இழுத்துடுச்சு. மீஹானைட் (ஒரு வகை வார்ப்பிரும்பு) புஷ் சீக்கிரம் தேஞ்சாலும் ராடைக் கீறாது.

(சேர்த்தது: இதைப் படிச்சுட்டு சூளகிரியில இருந்து ஒரு தம்பி, செட் பண்ண ஒரு மணி நேரத்துல ராடு புஷ்லயே சிக்கிக்குதுன்னு கேட்டிருந்தார். விசாரிச்சா, காலைல மிஷின் சில்லுனு இருக்கும்போதே இறுக்கியிருக்கார். சூடு பண்ணிட்டு இறுக்குங்க தம்பி, அதுவும் மார்கழி மாசத்து ஓசூர் குளிர்ல கண்டிப்பா.)

எண்ணெயும் நெருப்பும்

டர்னிங்குக்கு வெட்டு வேகம் நிமிஷத்துக்கு 50 மீட்டர், அதாவது 6.35 ராடுக்கு 2500 ஆர்பிஎம் பக்கத்துல. டைட்டானியம் சூட்டை அவ்வளவா கடத்தாது, சூட்டுல பெரும்பங்கு டூல் முனையிலயே நிக்கும், அதனால எண்ணெய் சரியா அந்த முனையில விழணும். மெல்லிசு சீவல் தீப்புடிக்கும். புடிச்சா தண்ணி ஊத்தவே கூடாது, இன்னும் பெருசாகும். டி கிளாஸ் (உலோகத் தீயை அணைக்கிற) பவுடர் சிலிண்டர் மிஷின் பக்கத்துல, கைக்கு எட்டுற மாதிரி இருக்கணும். ராத்திரி ஷிப்ட்ல ஆள் இல்லாம ஓட விடாதீங்க.

தலைக்குழி

2.5 அறுகோணத்துக்கு 2.55 டிரில், அப்புறம் ரோட்டரி புரோச் (வட்டக் குழியை அறுகோணமா சீவுற டூல்). டிரில்லைக் கொஞ்சம் ஆழமா விடுங்க, புரோச் சீவின பிசிறு கீழ போய் உக்காரணும்ல. ஆனா அந்தப் பிசிறு அங்கயே ஒட்டிட்டு இருந்தா ஆபரேஷன்ல டாக்டர் ஸ்க்ரூடிரைவரை வெச்சதும் முழுசா உள்ள இறங்காது, வழுக்கி குழியை அரைச்சுடும். எங்க முதல் லாட் திரும்பி வந்தது இதுக்குத்தான், கஸ்டமர் மைக்ராஸ்கோப்ல பார்த்து அனுப்பிட்டாங்க. புரோச்சுக்கு அப்புறம் அதே டிரில்லை இன்னொரு தடவை உள்ள விட்டு எடுத்தா பெரும்பாலும் போயிடும். மிச்சத்துக்கு ஒவ்வொரு பீஸையும் பத்து மடங்கு லென்ஸ்ல பார்த்து, 2.5 கீயைப் போட்டு அடி வரைக்கும் போகுதான்னு பாக்குறோம். இதுக்குன்னே ஒரு அக்கா இருக்காங்க, அவங்க கை வெச்ச பெட்டி இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல.

பிசிறு எடுக்க இரும்புக் கம்பி பிரஷ் வேணாம், இரும்புத்தூள் டைட்டானியத்துல பதிஞ்சுடும். நைலான் பிரஷ் போதும். டிரேயும் பிளாஸ்டிக்ல தனியா வைங்க, வண்டி பார்ட்ஸ் போட்ட டிரே வேண்டவே வேண்டாம். கோர் டயாவை அளக்க பிளேடு மைக்ரோமீட்டர்தான், மிட்டுடோயோ வாங்கிடுங்க, வெர்னியர்ல திரெட் அடியைப் புடிச்சு அளந்தா வர்ற நம்பரை நம்ப முடியாது.

(இன்னொன்னு: எஸ்எஸ் 316எல் (துருப்பிடிக்காத ஸ்டீல்) ராடுலயும் இதே புஷ் செட்டிங் சரி வருமான்னு ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. முறை அதேதான், ஆனா டைட்டானியத்துல இருந்து எஸ்எஸ்ஸுக்கோ, அதுல இருந்து இதுக்கோ மாறும்போது மிஷின் உள்ள இருக்குற சீவலையெல்லாம் வழிச்சு எடுத்து, எண்ணெய் பில்டரையும் மாத்திட்டு ஆரம்பிங்க. எங்களுக்கு அதுக்கு அரை நாள் ஆகுது.)