நூர்காப்புக்கு ஒரு மணித்தியாலக் கணக்கோடு வராதீர்கள்

போன ஜூலையில் ஒரு இரவு, பதினொன்றரை மணி. நோர்வேயின் வடக்குக் கரையில் இருக்கிற நூர்காப் பாறையின் வாகனத் தரிப்பிடத்தில், நள்ளிரவுச் சூரியனைப் பார்க்க ஒரு தமிழ்க் குடும்பம் வந்து இறங்கியது. "ஒரு மணித்தியாலம்தான் இருக்கிறது, கெதியாக நடவுங்கள்" என்று தகப்பன் பிள்ளைகளை விரட்டினார். எங்கே நடப்பது? முன்னால் பாலைக் கரைத்து ஊற்றியது போல மூடுபனி. முப்பது வருடங்களுக்கு முன்னர் நான் செய்த அதே வேலையை அந்த மனிதர் அச்சுப் பிசகாமல் செய்துகொண்டிருந்தார்.

நோர்வேக்கு வந்த புதிதில் நான் பின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலை ஒன்றில் கத்தி பிடித்தவன். அந்தக் கரையோர ஊர்களில் அப்போது எம்மவர் பலர் இருந்தார்கள். பிறகு பெரும்பாலானோர் ஒஸ்லோப் பக்கம் இறங்கிவிட்டோம். இப்போது கோடை வந்தால் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற உறவுகளை நூர்காப்புக்குக் கூட்டிப்போகிற பொறுப்பு என் தலையில். இதுவரை பதினொரு தடவை போய்விட்டேன். குளிருக்கு உடுப்பு எடுத்து வாருங்கள், கமராவுக்கு மின்னேற்றி வையுங்கள் என்பதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

ஒரே இரவை நம்பி வருவது

இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நூர்காப் என்பது மாகெரொயா தீவின் வடக்கு விளிம்பில், கடலிலிருந்து 307 மீற்றர் செங்குத்தாக எழும்பி, மேலே மேசை போலத் தட்டையாக முடிகிற பாறை. மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை இறுதிவரை அங்கே சூரியன் மறைவதில்லை. அதைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். வில்லங்கம் அந்த 307 மீற்றரில் இருக்கிறது. பாரன்ட்ஸ் கடல் கோடையிலும் குளிர்ந்தே கிடக்கும். அதன்மேல் சற்று வெதுவெதுப்பான ஈரக்காற்று வந்தால் மூடுபனி பிடிக்கும். அந்தக் காற்று பாறைச் சுவரில் மோதி மேலே ஏறும்போது இன்னும் குளிர்ந்து, உச்சியில் முகிலாகக் குந்திக்கொள்ளும். கீழே ஹொன்னிங்ஸ்வொக் துறைமுகத்தில் வெயிலில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு, சுமார் 35 கிலோமீற்றர் ஓடி மேலே போனால் பத்தடிக்கு அப்பால் நிற்கிறவர் தெரியமாட்டார். எதிர்மாறாகவும் நடக்கும்: கீழே ஊர் முழுக்க மூடிக் கிடக்க, மேலே வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். ஆகவே விடுதி யன்னலைத் திறந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

நான் முதலில் போனது 1994இல். அப்போது கடலடிச் சுரங்கம் இல்லை. பெருநிலத்துக் கோஃப்யூர்டிலிருந்து வாகனம் ஏற்றும் படகில்தான் தீவுக்குப் போக வேண்டும். வேலை முடிந்த கையோடு, மீன் வாடை போகாத உடுப்போடு, நாலு பேர் ஒரு பழைய காரில் போனோம். மேலே ஒன்றும் தெரியவில்லை. 1978இல் விளிம்பில் நிறுத்திய இரும்புப் பூகோளம்தான் நூர்காப்பின் அடையாளம். எல்லாப் படத்திலும் இருப்பது அதுதான். அதை நான் கண்ணால் காணவில்லை, கையால் தடவித்தான் கண்டேன். கம்பி ஈரமாக இருந்தது, விரல் விறைத்தது. ஒரு படம் எடுத்தோம். நாலு பேர், பின்னால் சாம்பல் நிறம். பிறகு கடைசிப் படகுக்கு ஓடினோம்.

அடுத்த கிழமை, எனக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டுகிற நோர்வே நாட்டுப் பெண்ணிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவளும் அன்றிரவு அங்கேதான் இருந்திருக்கிறாள்! காருக்குள் படுத்து மூன்று மணிக்கு எழும்பியபோது பனி காலுக்குக் கீழே இறங்கிவிட்டதாம். முகில் கடல்போலப் பரந்து கிடக்க, அதற்குமேல் சூரியன் நின்றதாம். "நீங்கள் ஏன் போனீர்கள்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னர் என் மச்சான் ரொறன்ரோவிலிருந்து அட்டவணையோடு வந்தான். "நூர்காப்: 23.30 முதல் 00.30 வரை" என்று தட்டெழுதி, நிறமும் தீட்டியிருந்தான். மறுநாள் காலை அல்தாவிலிருந்து விமானம். இரண்டு இரவு தங்கு என்று மூன்று மாதம் தொலைபேசியில் மன்றாடினேன். கேட்கவில்லை. விமான டிக்கெட், வாடகைக் கார், அல்தாவிலிருந்து போக வர ஏறக்குறைய 480 கிலோமீற்றர், ஐந்து பேருக்குச் சாப்பாடு. எல்லாம் கொட்டி அவன் வாங்கியது ஒரு மணித்தியாலத்து வெள்ளைப் பனி. நியாயமாக அவன்மேல் கோபப்பட வேண்டும். எனக்கோ அந்த நிறம் தீட்டிய அட்டவணையின்மேல்தான் இன்னும் கோபம்.

செய்ய வேண்டியது இதுதான். ஹொன்னிங்ஸ்வொக்கிலோ அதே தீவின் ஸ்கார்ஸ்வொக் ஊரிலோ குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். உச்சியில் இருக்கும் இணையக் கமராவைப் பாருங்கள். வெளித்தால் உடனே கிளம்புங்கள், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு. மணி ஒன்பதாக இருக்கட்டும், விடிய மூன்றாக இருக்கட்டும், சூரியன் அங்கேதான் நிற்கிறது. பன்னிரண்டு அடித்தால்தான் பார்க்கலாம் என்று ஒரு விதியும் இல்லை. உண்மையில் பன்னிரண்டுக்கு அது இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். நோர்வேயின் கோடைக் கடிகாரம் 30 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு ஒத்தது, நூர்காப்போ 26க்குச் சற்றுக் குறைவில் இருக்கிறது. பாகைக்கு நாலு நிமிடம் சூரியன் பிந்தும். அதனால் ஜூலையில் சூரியன் நேர் வடக்கில் மிகத் தாழ்ந்து நிற்பது 12.20 அளவில்தான். பன்னிரண்டுக்குக் கைதட்டிப் படம் எடுத்துவிட்டு 12.05க்கு பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

கார்க் கதவு

காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தாதீர்கள். பின்னாலிருந்து அடிக்கிற காற்று, திறந்த கதவைப் பிடுங்கி முன்பக்கமாக மடித்துவிடும். கீல் வளைந்தால் கதவு பூட்டாது, வாடகைக் காரென்றால் அழுதுகொண்டே காசு கட்டலாம். மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒரு கதவை, கைப்பிடியை விடாமல் திறவுங்கள். பிள்ளைகளைத் தாங்களாகத் திறக்க விடாதீர்கள். என் பெரியம்மா சேலையோடுதான் வருவேன் என்று நின்றார். கதவைத் திறந்ததும் தலைப்பு கார்க் கூரைக்கு மேலே போய்க் கொடி போலப் பறந்தது. மனிசி சிரித்துக்கொண்டே திரும்ப உள்ளே ஏறிவிட்டார்.

குடை

வேண்டாம்.

இதுதான் வடகோடி என்று நம்புவது

இல்லை. அதே தீவில் க்னிவ்ஷெல்லொடன் என்ற தாழ்ந்த முனை இதைவிட ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் வடக்கே நீண்டிருக்கிறது. ஐரோப்பியப் பெருநிலத்தின் வடமுனையோ நூர்சின் குடாநாட்டில் இருக்கிறது. ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தையும் சேர்த்தால் நோர்வேயின் வடகோடி இன்னும் எங்கேயோ. 1553இல் கப்பலில் போன ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். கால் உரமுள்ளவர்கள் க்னிவ்ஷெல்லொடனுக்கு நடவுங்கள். போக 9, வர 9 கிலோமீற்றர், சேறும் கல்லும். பஸ் அங்கே போகாது. நூர்காப் பாறையின் முழு முகத்தையும் அங்கிருந்து பார்க்கலாம். மேலே நிற்கிறவனுக்கு அது தெரியாது.

சுரங்கத்தில் வேகம்

1999இல் திறந்த கடலடிச் சுரங்கம் ஏறக்குறைய 7 கிலோமீற்றர், கடல்மட்டத்துக்குக் கீழே 212 மீற்றர்வரை இறங்கும். பிரேக்கை மிதித்தபடியே இறங்காமல் கியரைக் குறையுங்கள். வெளியே தெருவில் கலைமான் நிற்கும். ஹோர்ன் அடித்தால் விலகாது.

மாரியில் நினைத்த நேரத்துக்குப் போவது

வட ஒளி, அதாவது இரவு வானில் ஆடுகிற பச்சை வெளிச்சம், பார்க்க வேண்டுமென்றால் மாரியில் வாருங்கள். ஜூலையில் கேட்காதீர்கள், இருட்டே இல்லை. ஆனால் மாரியில் கடைசி 13 கிலோமீற்றரைத் தனியாக ஓட விடமாட்டார்கள். ஸ்கார்ஸ்வொக் சந்தியில் கம்பி போட்டிருக்கும். குறித்த நேரத்துக்குப் பனி வழிக்கும் வண்டி வரும், அதன் பின்னால் வரிசையாகப் போய், அதன் பின்னாலேயே திரும்ப வேண்டும். காற்று கூடினால் அதுவும் போகாது. ஒரு பெப்ரவரியில் நாங்கள் சுடுதண்ணிப் போத்தலில் தேநீரோடு அங்கே காத்திருந்தோம். வண்டிக்காரர் இறங்கி வந்து, யன்னலைத் தட்டி, தலையை இடமும் வலமும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.