முதன்முறையாக முந்திரிக்கொத்து செய்பவர்களுக்கு: பயறு வறுப்பதிலிருந்து டின்னில் அடைப்பது வரை

கோட்டாறு சவேரியார் கோவில் பெருவிழா டிசம்பர் 3-ஆம் தேதி. அது முடிந்த கையோடு எங்கள் நாகர்கோவில் பக்கத்து வீடுகளில் கிறிஸ்துமஸ் பலகார வேலை தொடங்கிவிடும். வாசலில் ஸ்டார் கட்டுவதும் குடிலுக்கு வைக்கோல் தேடுவதும் பிள்ளைகள் பாடு. அடுக்களையில் சிறுபயறு வறுபடும் மணம் தெருமுனை வரைக்கும் வரும். அந்த மணம் வந்தால் அந்த வீட்டில் முந்திரிக்கொத்து என்று அர்த்தம்.

பெயரைப் பார்த்து முந்திரிப்பருப்பு வாங்கி வைத்துவிடாதீர்கள். இதில் ஒரு பருப்புகூடக் கிடையாது. முந்திரி என்பது திராட்சைக்கும் பழைய பெயர். கொடிமுந்திரி என்கிறோமே, அந்த முந்திரி. மூன்று உருண்டைகள் ஒட்டிக்கொண்டு சின்னத் திராட்சைக் குலைபோல இருப்பதால் முந்திரிக்கொத்து. குமரி மாவட்டத்தில் இந்து வீடுகளில் தீபாவளிக்கும் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கும் செய்வார்கள், கல்யாண வீட்டுப் பலகாரத்திலும் இதற்கு இடமுண்டு. 1956 நவம்பர் 1 வரை குமரியும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்த பகுதிகள். அதனால் அந்தப் பக்கத்திலும் இதே பெயரில் இதே பலகாரம் உண்டு. யாழ்ப்பாணத்துப் பயற்றம் பணியாரமும் இதற்கு ரொம்ப நெருங்கிய சொந்தம்தான்.

செய்முறைக்குள் போவதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பலகாரத்துக்கு எதிரி ஈரம். சுகியனை எடுத்துக்கொண்டால், அதற்குள் இருப்பது வேகவைத்த பருப்பு. அதனால் அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும். முந்திரிக்கொத்தில் பயறை வேகவைப்பதே இல்லை, வறுத்துப் பொடித்துப் பாகில் பிடிக்கிறோம். தண்ணீர் பட்ட எதையும் வற்றவைத்த பிறகே உள்ளே விடுகிறோம். வாரக்கணக்கில் நிற்பது அதனால்தான்.

எனக்கு இது பட்டுத்தான் புரிந்தது. ஆச்சி போன பிறகு முதன்முறை நான் தனியாகச் செய்த வருடம், தேங்காய்த்துருவலை லேசாகச் சூடு காட்டிவிட்டுப் போட்டுவிட்டேன். 20-ஆம் தேதி செய்தது. 24-ஆம் தேதி ராத்திரி ஆராதனைக்குக் கிளம்பும் முன் டின்னைத் திறந்தால் ஊசல் வாடை. அத்தனையையும் கொட்டும்போது அழுகை வந்துவிட்டது. அதனால் கீழே வறுக்கிற இடத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேவையானவை

இது சுமார் 30 உருண்டை, அதாவது 10 கொத்துக்கான அளவு. முதல் தடவை இதற்கு மேல் போகாதீர்கள்.

பூரணத்துக்கு: முழுச் சிறுபயறு 250 கிராம், வெல்லம் 200 கிராம், தேங்காய்த்துருவல் அரைக் கப், எள் 2 மேசைக்கரண்டி, ஏலக்காய் 5, சுக்குப்பொடி அரைத் தேக்கரண்டி, பாகுக்குத் தண்ணீர் அரைக் கப்.

மேல்மாவுக்கு: பச்சரிசி மாவு அரைக் கப், மைதா கால் கப், மஞ்சள்தூள் இரண்டு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை.

பொரிக்கத் தேங்காய் எண்ணெய். வேறு எண்ணெயிலும் பொரிக்கலாம், ஆனால் எங்கள் ஊர் வாசனை வேண்டுமென்றால் தேங்காய் எண்ணெய்தான்.

எங்கள் ஊர்க்காரர்களிடம் செய்முறை கேட்டால் "சர்க்கரை போடு" என்பார்கள். அங்கே சர்க்கரை என்றால் வெல்லம், வெள்ளையாக இருப்பது சீனி. இதைத் தெரியாமல் சீனியைப் போட்டுவிட்டுக் குழம்பியவர்கள் உண்டு. கருப்பட்டியிலும் செய்யலாம். நிறம் கறுத்து, ருசி இன்னும் கூடும். முதல் தடவைக்கு வெல்லத்தின் பாகு பிடிபடுவது சுலபம்.

முதல் நாள் காலை: பயறும் தேங்காயும் எள்ளும்

பயறில் கல், தூசி பார்த்துவிட்டுத் துணியால் துடையுங்கள். கழுவினால் வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே வறுக்க வேண்டும். டிசம்பரில் எங்கள் பக்கம் மழையை நம்ப முடியாது, அதனால் நான் துடைப்பதோடு சரி.

அடிகனமான வாணலியைச் சூடாக்கி, தீயைக் குறைத்து, பயறைப் போட்டுக் கைவிடாமல் வறுங்கள். 8 முதல் 10 நிமிடம் ஆகும். பச்சை நிறம் மங்கி, செம்மண் நிறம் ஏறி, மணம் வரும். மணம் வந்ததுமே இறக்கிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. அடுப்பிலிருந்து இரண்டு மணியை எடுத்து ஆறவிட்டுக் கடித்துப் பாருங்கள். 'கடக்' என்று உடைய வேண்டும், நடுவில் மாவுபோல ஒட்டக் கூடாது. "மக்ளே, மூக்க மட்டும் நம்பாத, பல்லயும் கேளு" என்பார் ஆச்சி. அதே நேரம் கருகவிட்டாலும் கசப்பு வந்துவிடும், அதை எந்த வெல்லமும் மறைக்காது. தீ குறைவாக இருந்தால் இந்தப் பயம் வேண்டாம்.

வறுத்த பயறைத் தட்டில் பரப்பி முழுதாக ஆறவிடுங்கள். அந்தக் காலத்தில் திருகையில் உடைத்து, முறத்தில் புடைத்துத் தோலை நீக்கி, பிறகு பொடிப்பார்கள். மிக்சியிலும் அதே மாதிரிதான்: முதலில் இரண்டு மூன்று சுற்று விட்டு விட்டு ஓட்டி உடையுங்கள், முறத்திலோ அகலத் தட்டிலோ புடைத்துத் தோலை ஊதித் தள்ளுங்கள், அப்புறம் பொடியுங்கள். பதம் மெல்லிய ரவைபோல இருக்க வேண்டும். ரொம்ப நைசாகிவிட்டால் வாயில் அப்பிக்கொள்ளும், கொரகொரப்பு கூடினால் உருண்டை பிடிபடாது. தோல் கொஞ்சம் கலந்திருந்தால் பரவாயில்லை.

இப்போது தேங்காய். வாணலியில் எண்ணெய் எதுவும் விடாமல் துருவலைப் போட்டுச் சின்னத் தீயில் கிளறுங்கள். முதலில் ஆவி வரும், அப்புறம் ஆவி நின்று துருவல் உதிரியாகும், அதற்குப் பிறகு பொன்னிறம் வரும். அந்தப் பொன்னிறம் வரைக்கும் போக வேண்டும். கையில் எடுத்து நசுக்கினால் ஈரம் தட்டாமல் சரசரவென்று நொறுங்க வேண்டும். நான் கோட்டை விட்ட இடம் இதுதான். நேரமில்லை என்றால் தேங்காயை விட்டுவிட்டே செய்யுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. அரைகுறையாக வறுத்து மட்டும் போடாதீர்கள்.

எள்ளைத் தனியாக, வெடிக்கும்வரை வறுத்து எடுங்கள். கறுப்போ வெள்ளையோ எதுவானாலும் சரி. பயற்றுமாவு, தேங்காய், எள், பொடித்த ஏலக்காய், சுக்கு எல்லாவற்றையும் ஒரு அகலப் பாத்திரத்தில் கலந்து, அதிலிருந்து மூன்று மேசைக்கரண்டி மாவை எடுத்துத் தனியாக வையுங்கள். ஏன் என்று இதோ வருகிறது.

பாகும் உருண்டையும்

வெல்லத்தைத் தட்டி, அரைக் கப் தண்ணீரில் கரையும்வரை மட்டும் சூடாக்கி, மண் போக வடிகட்டுங்கள். திரும்ப அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிடுங்கள். நுரைத்து, பொங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்படும். ஒரு துளியைக் கரண்டியில் எடுத்துச் சற்றே ஆறியதும் ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து இழுத்துப் பாருங்கள். ஒரு கம்பி நீளமாக வந்து சட்டென்று அறாமல் நின்றால் பதம். உடனே இறக்குங்கள்.

பதம் வருமுன் இறக்கினால் பாகில் தண்ணீர் மிஞ்சியிருக்கும், உருண்டை இறுகாது, எண்ணெயில் போட்டதும் பிளந்துகொள்ளும். பதம் தாண்டினால் கல்லாகிவிடும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் ஒரு நூல் கூடுதலான பதத்தையே நான் எடுப்பேன். கடினமான உருண்டையைத் தின்னலாம், பிளந்துபோனதை எண்ணெயிலிருந்து மீட்க முடியாது.

சூடான பாகை மாவில் மெல்ல ஊற்றிக்கொண்டே அகப்பைக் காம்பால் கிளறுங்கள். எல்லாப் பாகையும் ஒரே அடியில் கொட்ட வேண்டாம். மாவு ஈர மணல்போல, பிடித்தால் நிற்கிற மாதிரி வந்ததும் நிறுத்துங்கள். ஒருவேளை தளர்ந்துபோனால் தனியே எடுத்துவைத்த மூன்று கரண்டி மாவு இருக்கிறதே, அதைச் சேர்த்துச் சரிசெய்யலாம்.

கை பொறுக்கும் சூட்டில் உருட்டத் தொடங்குங்கள். உள்ளங்கையில் துளி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, நெல்லிக்காய் அளவுக்கு, விரலால் நன்றாக அழுத்திப் பிடித்து உருட்டுங்கள். விரிசல் தெரிந்தால் திரும்ப அழுத்துங்கள், அந்த விரிசல் வழியாகத்தான் எண்ணெய் உள்ளே போகும். இந்த வேலைக்கு இரண்டு பேராவது வேண்டும். எங்கள் வீட்டில் சித்தி, அத்தை, பிள்ளைகள் எல்லாரும் பாயில் வட்டமாக உட்கார்ந்துவிடுவோம். மாவு ஆறினால் உதிரும் என்பதால் பேச்சு ஓடினாலும் கை நிற்காது. தனியாகச் செய்கிறீர்கள், பாதியில் ஆறிவிட்டது என்றால் தண்ணீர் தெளிக்காதீர்கள். வாணலியில் சின்னத் தீயில் ஒரு நிமிடம் புரட்டினால் பாகு இளகித் திரும்பப் பிடிக்க வரும்.

உருண்டைகளைத் தட்டில் ஒன்றோடொன்று படாமல் வைத்து, மூடாமல், மின்விசிறிக் காற்றில் ராத்திரி முழுக்க விடுங்கள். மழை ஈரம் இருக்கிற நாளானால் அடுப்பங்கரையில், தணிந்த அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். மறுநாள் தட்டினால் 'டொக்' என்று கேட்கும் அளவுக்கு இறுகியிருக்க வேண்டும்.

மறுநாள்: பொரிப்பது

அரிசி மாவு, மைதா, மஞ்சள்தூள், உப்பு எல்லாம் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கரையுங்கள். தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டி, பஜ்ஜி மாவுப் பக்கம். கரண்டியின் முதுகைத் தோய்த்து எடுத்தால் உலோகம் தெரியாமல் மூடியிருக்க வேண்டும். ஆச்சி பச்சரிசியை ஊறவைத்து அம்மியிலேயே அரைப்பார். மைதா பிற்காலத்தில் வந்தது, ஆனால் மூன்று உருண்டையையும் பிரியாமல் பிடித்துவைக்க அது உதவுகிறது என்பதால் நான் விடுவதில்லை.

சிறிய, குழிவான வாணலியில் எண்ணெயைக் காயவைத்து, ஒரு சொட்டு மாவை விட்டுப் பாருங்கள். உடனே மேலே எழும்பினால் சூடு சரி. தீயை நடுத்தரமாக்குங்கள்.

மூன்று உருண்டையை மாவில் போட்டுப் புரட்டி, மூன்று விரலால் ஒன்றாகச் சேர்த்து எடுத்து, எண்ணெயின் மேல்பரப்புக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோய் வழுக்கி விடுங்கள். உயரத்திலிருந்து போட்டால் பிரிந்துவிடும், கையிலும் தெறிக்கும். விரலைக் கொண்டுபோகப் பயமாக இருந்தால் குழிக்கரண்டியில் மூன்றையும் ஏந்தி இறக்கலாம். ஒரு ஈட்டுக்கு இரண்டு கொத்துக்கு மேல் வேண்டாம். விழுந்த உடனே கரண்டியால் கிளறாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு, அடிப்பக்கம் இறுகியதும் புரட்டுங்கள். உள்ளே இருப்பது எல்லாம் முன்பே வறுத்தது, பாகில் பிடித்தது. வேகவேண்டியது மேல்மாவு மட்டும்தான். அதனால் சிவக்க விட வேண்டாம். மஞ்சள் நிறம் மாறாமல், எண்ணெயின் சலசலப்பு அடங்கியதும் ஜல்லிக்கரண்டியால் அரித்து எடுங்கள்.

எங்கேயாவது மாவு மூடாமல் பூரணம் வெளியே வந்துவிட்டால், வெல்லம் எண்ணெயில் கருகத் தொடங்கும். அந்தக் கொத்தை உடனே எடுத்துவிட்டு, உதிர்ந்த துகளையும் அரித்துவிட்டுத் தொடருங்கள். விட்டுவைத்தால் பின்னால் வருகிற எல்லாக் கொத்திலும் கறுப்புப் பொட்டும் கசப்பும் ஒட்டும். ஓரத்தில் மாவு வால்போல நீண்டிருந்தால் ஆறிய பிறகு கிள்ளி விடலாம். எங்கள் வீட்டில் அந்த மொறுமொறு வால்களுக்குப் பிள்ளைகள் சண்டை போடுவார்கள்.

ஆறவைத்து அடைப்பது

பொரித்ததைத் துணியின் மேலோ சல்லடைத் தட்டிலோ பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். இளஞ்சூட்டில் டின்னை மூடினால் ஆவி உள்ளேயே நீராகி, இரண்டு நாள் பட்ட பாடு வீணாகும். நான் மூன்று மணி நேரமாவது வெளியே விடுவேன். பிறகு காய்ந்த எவர்சில்வர் டின்னில் அடுக்கி, எடுக்கும்போதெல்லாம் ஈரக்கை படாமல் பார்த்துக்கொண்டால் 10 நாள் தாராளமாக இருக்கும். தேங்காய் சேர்க்காதது அதற்கும் மேலே. செய்த அன்றைக்குத் தின்பதைவிட இரண்டாம் நாள் ருசி கூடியிருக்கும், ஏலமும் சுக்கும் உள்ளே இறங்கியிருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புபவர்கள் தேங்காய் இல்லாமல் செய்து, ஒவ்வொரு கொத்தையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, டின்னில் இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். குலுங்கினால் கொத்து உடைந்து உருண்டையாகப் போய்ச் சேரும். கிறிஸ்துமஸ் தட்டுக்கு என்றால் முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கை முறுக்கு, ஒரு துண்டு கேக், ஒரு சீப்பு மட்டிப்பழம். தீபாவளிக்கு எந்தெந்த வீட்டிலிருந்து நமக்குத் தட்டு வந்ததோ, அந்த வீடுகளுக்கு எங்கள் அம்மா 25-ஆம் தேதி காலை ஆராதனை முடிந்து வந்ததுமே கொடுத்தனுப்பிவிடுவார். அந்தக் கணக்கையும் சேர்த்துக்கொண்டு பயறு வாங்குங்கள்.