வீட்டில் செய்த ஸ்டெயின்லெஸ் கத்திக்கு ஹீட் ட்ரீட்மென்ட் செய்துதர ஆள் பிடிப்பது எப்படி?

தகட்டை வெட்டி, உருவம் கொடுத்து, துளையும் போட்டாயிற்று. பார்க்கக் கத்தி மாதிரிதான் இருக்கும். ஆனால் ஹார்டனிங் (சூடேற்றிக் குளிரவைத்துக் கடினமாக்குவது) ஆகாத வரை அது வெறும் தகடு. எவ்வளவு சாணை பிடித்தாலும் கூர்மை நிற்காது.

பக்கத்துக் கொல்லர் பட்டறையில் தோய்ச்சல் போட்டு வாங்கினால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு அது போதும். அது கார்பன் எஃகு, 800 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேற்றித் தோய்த்தால் வேலை முடிந்தது. கத்திக்கான ஸ்டெயின்லெஸ் எஃகை 1,000 டிகிரிக்கு மேல் கொண்டுபோய், அதே சூட்டில் பல நிமிடங்கள் நிறுத்த வேண்டும். அப்போதுதான் எஃகுக்குள் இருக்கும் குரோமியம் கார்பைடு (குரோமியமும் கார்பனும் சேர்ந்த கடினத் துகள்) போதுமான அளவு கரையும். இருபது முப்பது டிகிரி தவறினாலே பலன் மாறும். நெருப்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை இல்லை இது.

படி 1: என்ன எஃகு என்று உறுதி செய்யுங்கள்

பாத்திரக்கடைத் தகடு என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம். 304, 202 வகைகள் எந்த ஃபர்னஸில் போட்டாலும் ஹார்டன் ஆகாது. காந்தம் வைத்துப் பாருங்கள்: ஒட்டவே இல்லை என்றால் அந்தத் தகடு கத்திக்கு ஆகாது. ஒட்டினாலும் உடனே நம்ப வேண்டாம். 430 தகட்டிலும் காந்தம் ஒட்டும், அதுவும் ஹார்டன் ஆகாது.

வேண்டியது 440சி, ஏஇபி-எல், 14சி28என், என்690 போன்ற கத்தி எஃகு. வாங்கும்போதே டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்கள். பழைய இரும்புக் கடைத் துண்டு என்றால் எஃகில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் எடுத்துவிடுவது நல்லது. கோவையில் சிடார்க், சென்னை கிண்டியில் எம்எஸ்எம்இ டெஸ்டிங் சென்டர் போன்ற இடங்களில் உலோகப் பரிசோதனை செய்கிறார்கள்.

படி 2: தேட வேண்டிய இடம்

‘கத்தி ஹீட் ட்ரீட்மென்ட்’ என்று தேடினால் பெரிதாக எதுவும் கிடைக்காது. நம் ஊரில் இந்தத் தொழில் நடப்பது டை, மோல்டு (அச்சுகள்), கியர் செய்கிறவர்களுக்காக. அம்பத்தூர், ஓசூர், கோவை குறிச்சி மாதிரி தொழிற்பேட்டைப் பக்கம் ‘வேக்குவம் ஹீட் ட்ரீட்மென்ட் ஜாப் ஒர்க்’ என்று தேடுங்கள். அதைவிடச் சுலபமான வழி, பிளாஸ்டிக் மோல்டு செய்யும் டூல் ரூம் எதிலாவது, “ஸ்டெயின்லெஸ் மோல்டை எங்கே ஹார்டன் பண்ணக் குடுக்குறீங்க?” என்று கேட்பது. மோல்டுக்குப் போகும் 420 வகை எஃகு நம் கத்தி எஃகுக்கு உறவுக்காரன்தான். அதைச் செய்துதருகிற இடத்துக்கு நம் வேலை புரியும்.

வேக்குவம் ஃபர்னஸ் இருக்கிற இடமே முதல் தேர்வு. காற்று இல்லாததால் மேல்தோலில் கார்பன் எரிந்துபோகாது, கருஞ்செதிலும் பிடிக்காது. நைட்ரஜன் வாயுவை அடித்துக் குளிர்விப்பார்கள் (இதுதான் கேஸ் குவென்ச்). உருக்கிய உப்பில் முக்கிச் சூடேற்றும் சால்ட் பாத்தும் மோசமில்லை. ஆனால் உப்பை நன்றாகக் கழுவித் தராவிட்டால் துளை ஓரத்தில் துரு கிளம்பும்.

படி 3: போனில் என்ன பேசுவது

எடுத்ததுமே மூன்று கேள்வி வரும்: “என்ன மெட்டீரியல்? எத்தனை கிலோ? எவ்வளவு எச்ஆர்சி?” எச்ஆர்சி என்பது ராக்வெல் முறையில் அளக்கும் கடினம். இதற்கெல்லாம் பதில் கையில் இல்லாமல் போன் போடாதீர்கள்.

கூலி கிலோ கணக்கு, அதோடு குறைந்தபட்சக் கட்டணம் ஒன்றும் இருக்கும். 2.5 மி.மீ. தகட்டில் செய்த நடுத்தரச் சமையல் கத்தி 200 கிராம்தான் வரும். ஒற்றைக் கத்திக்காக யாரும் ஃபர்னஸைப் பற்றவைக்க மாட்டார்கள். அதனால் “கத்தி பண்ணித் தருவீங்களா அண்ணே?” என்று கேட்காதீர்கள், “1,050 டிகிரி பக்கம் உங்க லோடு எப்ப போகுது? அதோட என் பிளேடையும் போட முடியுமா?” என்று கேளுங்கள். பேச்சின் தோரணையே மாறிவிடும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, எல்லாரும் ஒரே எஃகில் செய்து அனுப்பினால் இன்னும் நல்லது.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: டெம்பரிங், அதாவது ஹார்டன் ஆன எஃகு நொறுங்காமல் இருக்க மறுபடி குறைந்த சூட்டில் வைத்து எடுப்பது. டை எஃகை 500 டிகிரிக்கு மேல் டெம்பர் செய்கிற வழக்கம் உண்டு. நம் பிளேடும் அந்த லோடோடு போய்விட்டால் குரோமியம் கார்பைடாகப் பிரிந்து, துருவைத் தாங்கும் சக்தி குறைந்துவிடும். ஹார்டனிங்கில் கூட்டு சேரலாம், டெம்பரிங் தனியாகத்தான் வேண்டும்.

படி 4: அனுப்பும் முன்

எல்லாத் துளைகளையும் இப்போதே போட்டுவிடுங்கள். ஹார்டன் ஆனபின் சாதாரண டிரில் பிட் இறங்காது. கைப்பிடிப் பக்கத்தில் ஒரு துளை இருந்தால் கம்பியில் தொங்கவிடலாம், வளைவது குறையும். வெட்டும் ஓரத்தைக் கூராக்காமல் முக்கால் முதல் ஒரு மி.மீ. தடிப்பு விட்டு வையுங்கள். ஆழமான அரக் கீறல்களை 120 கிரிட் தாளால் எடுத்துவிடுங்கள். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். எண்ணெய், மார்க்கர் மை, பித்தளைப் பின் எதுவும் இருக்கக் கூடாது. பித்தளையில் உள்ள துத்தநாகம் வேக்குவத்தில் ஆவியாகி ஃபர்னஸையே கெடுக்கும், அப்புறம் அந்தப் பக்கமே போக முடியாது.

படி 5: எழுதிக் கொடுங்கள்

வாய்வார்த்தையாக விடாதீர்கள். சலானிலேயே இப்படி எழுதலாம்:

“440சி, சமையல் கத்தி பிளேடு, 6 எண்ணம். ஹார்டனிங் 1,050 டிகிரி, கேஸ் குவென்ச். டெம்பரிங் 180 டிகிரி, இரண்டு முறை, தலா 2 மணி நேரம். தேவை 58–60 எச்ஆர்சி. தொங்கவிட்டுச் செய்யவும்.”

இந்த அளவுகள் 440சிக்கு மட்டும். வேறு எஃகு என்றால் தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்டைப் பார்த்து எழுதுங்கள். சப்-ஜீரோ (பூஜ்யம் டிகிரிக்கும் கீழே குளிர்விப்பது) வசதி இருந்தால் குவென்ச் முடிந்த கையோடு கேட்டு வாங்கலாம். முதல் கத்திக்கு அது இல்லாவிட்டாலும் ஓடும். ‘சமையல் கத்தி’ என்று குறிப்பிடுவதற்கும் காரணம் உண்டு: பிளேடு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதச் சட்டப் பட்டியலில் வருகின்றன, வீட்டு உபயோகத்துக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு இருக்கிறது.

படி 6: திரும்பி வந்ததும்

ராக்வெல் ரிப்போர்ட்டை வாங்கிக்கொள்ளுங்கள். கடினம் பார்த்த சிறு குழி பிளேடில் இருக்கும். அதைக் கைப்பிடிக்குள் மறைகிற பகுதியில் போடச் சொல்லி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். புது அரத்தை ஓரத்தில் லேசாக ஓட்டினால் கடிக்காமல் வழுக்க வேண்டும். கண்ணாடிமேல் படுக்கவைத்து வளைவு இருக்கிறதா என்றும் பாருங்கள். அரை மி.மீ. வளைவெல்லாம் தேய்ப்பிலேயே போய்விடும். அதிகமாக இருந்தால் சுத்தியலைத் தொடாதீர்கள். தடித்த பட்டையோடு சேர்த்து கிளாம்ப் போட்டு இன்னொரு டெம்பரிங் செய்துதரச் சொல்லுங்கள்.

இனிமேல் தேய்ப்பதெல்லாம் வெறும் கையால் பிடித்துத்தான். விரல் சுட்டால் உடனே தண்ணீரில் முக்குங்கள். ஓரம் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் டெம்பர் போய்விட்டது என்று அர்த்தம்.

கடைசியாக, பளபளப்பாக்கிய பிளேடில் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்க வையுங்கள். காலையில் பழுப்புப் புள்ளிகள் நிறைய இருந்தால் ஃபர்னஸ்காரரிடம் டெம்பரிங் சார்ட்டைக் கேட்டு வாங்கி, அதில் 180தான் இருக்கிறதா, 500 இருக்கிறதா என்று பாருங்கள்.